நான் திறக்காத வால்வு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களின் சமூகத்திற்கு,

தங்கள் மகனுக்குப் பெண்ணைக் கொடுத்தவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் நலமாக இருக்கிறோம். அங்கே தாங்களும், தங்கள் துணைவியாரும், தங்கள் மீசையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான்கு தெரு தள்ளி இருப்பவருக்கு எதற்குக் கடிதம், ஒரு போன் போட்டால் ஆகாதா என்று தாங்கள் கேட்கலாம். போனில் தாங்கள் யாரையும் பேச விட மாட்டீர்கள். முப்பது வருஷம் பல் டாக்டராக இருந்தவருக்கு, எதிரே இருப்பவர் வாயைப் பிளந்துகொண்டு பதில் பேசாமல் கிடப்பதுதான் பழக்கம். ஆகையால் எழுதுகிறேன். இதில் தாங்கள் குறுக்கே பேச வழியில்லை.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுக் காலை என் மகள் போன் செய்தாள். அடுத்த மாதம் நாம் எல்லோரும் டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகும்போது தண்ணீர்ப் பொறுப்பு என்னிடம் இருக்காதாம். "அப்பா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தத் தடவ தண்ணிய மாமா பாத்துக்குவாரு. நீங்க நிம்மதியா இருங்க. மடக்கு நாற்காலி ஆறு இருக்குல்ல, அத இறக்கி ஏத்தறது மட்டும் உங்க வேல" என்றாள். அதோடு விட்டாளா? ஞாயிற்றுக்கிழமைக்குள் தொட்டி மூடியின் சாவியை நான் தங்கள் கையில் ஒப்படைத்துவிட வேண்டுமாம். போன பயணத்தில் நடந்ததற்குத் தங்களிடம் ஒரு வார்த்தை மன்னிப்பும் கேட்டுவிட வேண்டுமாம். சாவியையும் தர மாட்டேன், மன்னிப்பும் கேட்க மாட்டேன், நாற்காலியையும் தொட மாட்டேன். ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்கவும்.

நம் இருவருக்கும் ஒரே வருஷத்தில் ஓய்வு. சும்மா இருக்க மாட்டாமல் பாதிக்குப் பாதி போட்டு அந்த டிரெய்லரை வாங்கித் தங்கள் வாசலில் நிறுத்தினோம். கை மாறி வந்த வண்டி. உள்ளே ஆறு பேர் படுக்கலாம், ஏழாவதாகப் பேத்தி யார் மேலாவது ஏறிப் படுத்துக்கொள்வாள். அடுப்பு இருக்கிறது, குளிக்க இடம் இருக்கிறது, பெஞ்சுக்கு அடியில் நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அந்தத் தொட்டியில் முந்தின சொந்தக்காரர் விட்டுப்போன தண்ணீர் எட்டு மாதமாகக் கிடந்தது. மூடியைத் திறந்து முகர்ந்த மாத்திரத்தில், இது ஆள் விழுங்குகிற தண்ணீர் என்று நான் சொன்னேன். தாங்கள் என்ன சொன்னீர்கள்? "நல்லாத்தான இருக்கு சம்பந்தி, ரெண்டு தடவ அலசி ஊத்திட்டா போச்சு" என்றீர்கள். வாய் கொப்பளிப்பதும் தொட்டியைச் சுத்தம் செய்வதும் ஒன்றென்று நினைத்தீர்கள். நான் குடிநீர் நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் பரிசோதனைக் கூடத்தில் நின்றவன். தங்கள் கிளினிக்கில் தாங்கள் "கொப்பளிச்சுத் துப்புங்க, கொப்பளிச்சுத் துப்புங்க" என்று ஊரையே துப்ப வைத்தீர்களே, அந்தத் தண்ணீரை அனுப்பியது யார் என்று நினைத்தீர்கள்? ஒருவராவது அதனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாரா?

ஆகவே பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். எப்படிச் செய்தேன் என்பதை இனி தாங்கள் செய்யப் போகிறவர் என்பதால் சொல்கிறேன், சொல்லிக்கொடுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பழைய தண்ணீரை முழுக்க வடித்தேன். நூறு லிட்டருக்கு நூறு மில்லி குளோரின் திரவம், அதை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றி, மேலே தொட்டி நிறைய நல்ல தண்ணீர் விட்டேன். வண்டிக்குள் இருக்கிற அத்தனை குழாயையும் ஒவ்வொன்றாகத் திறந்து, மூக்கில் குளோரின் வாடை ஏறுகிறவரை விட்டு மூடினேன். பன்னிரண்டு மணி நேரம் அப்படியே ஊற வைத்தேன். மறுநாள் வடித்துவிட்டு மூன்று தடவை நிரப்பி நிரப்பிக் கழுவினேன். கழுவும்போது குளிர்ந்த நீர்க் குழாய்களை மட்டும்தான் திறந்தேன் என்பதை இந்த இடத்தில் நானே ஒத்துக்கொள்கிறேன், அதைப் பற்றிப் பிறகு வருகிறது. கடைசியாகச் சோதனைக் குப்பியில் நான்கு சொட்டு மருந்து விட்டுப் பார்த்தேன். லேசான மஞ்சள், அதாவது குளோரின் அளவோடு இருக்கிறது, அவ்வளவுதான். குழந்தைக்குக் கொடுக்கலாம். தொட்டியை நிரப்பி, மூடியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, தங்கள் துணைவியார் கொடுத்த டீயைக் குடிக்க உள்ளே போனேன்.

டீ குடித்துவிட்டு வெளியே வந்தால் வண்டிக்கு அடியிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. குனிந்து பார்த்தேன். வடிகால் வால்வு திறந்து கிடக்கிறது. நான் ஒரு வால்வைத் திறந்தால் சிவப்பு அட்டையில் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கட்டித் தொங்கவிடுவேன் என்பது தங்களுக்கே தெரியும், தாங்களே அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள். அங்கே அட்டை இல்லை. அப்படியென்றால் அது நான் திறந்த வால்வு இல்லை. நான் உள்ளே போன ஐந்து நிமிடத்துக்குள், "இன்னொரு தடவ வடிச்சுட்டா நல்லதுதான" என்று தாங்களாக நினைத்துக்கொண்டு திறந்துவிட்டு, பயணத்துக்கு அழகாக இருக்க வேண்டுமென்று முடிதிருத்தும் கடைக்குப் போய்விட்டீர்கள். போனையாவது எடுத்துக்கொண்டு போனீர்களா? அது வரவேற்பறையில் சார்ஜில் கிடந்து பாட்டுப் பாடுகிறது. நான் அடிக்கிறேன், அது பாடுகிறது.

இனிதான் ஊரெல்லாம் சிரிக்கிற கட்டம். நான் அந்த வால்வை மூடவில்லை. நூறு லிட்டரும் வடிந்து முடிகிறவரை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கள் துணைவியார் ஓடி வந்து, "ஐயோ அண்ணா, எவ்வளவு நேரம் பாடுபட்டீங்க, எல்லாம் போகுதே, நானாவது மூடறேன்" என்று குனிந்தார். நான் குறுக்கே நின்றேன். "அம்மா, திறந்தவர்தான் மூடணும்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குள் தண்ணீர் சரிவில் இறங்கிப் பக்கத்து வீட்டு வக்கீல் அம்மாவின் கார் நிறுத்துமிடத்துக்குள் போய்விட்டது. அங்கே அவர் பழைய வழக்குக் கட்டுகளை அட்டைப்பெட்டியில் போட்டுத் தரையில் வைத்திருக்கிறார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? துடைப்பத்தோடு வந்து, "சார், கண்ணு முன்னால தண்ணி போகுது, கைய நீட்டி மூடினா என்ன சார்?" என்றார். "நான் திறக்கலையே" என்றேன். "அப்ப யாரு திறந்தது?" "என் சம்பந்தி." "அவர் எங்க?" "மீசைக்குச் சாயம் போடப் போயிருக்கார்." வக்கீல் அம்மா துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, நான் நல்லபடியாகத்தான் இருக்கிறேனா என்று தங்கள் துணைவியாரிடம் மெதுவாகக் கேட்டார். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

சம்பந்தி, அந்த விதியை நான் வேடிக்கைக்கு வைத்துக்கொள்ளவில்லை. இதுவரை என் மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை, எழுத வந்துவிட்டேன், எழுதிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த நான்காம் வருஷம், வண்டல் தொட்டியைக் காய வைத்து உள்ளே இறங்கிச் சுவரிலிருந்து மாதிரி எடுத்துக்கொண்டிருந்தேன். மேலே ஒருவர் நல்ல மனசோடு, வால்வு மூடிக் கிடக்கிறதே, யாரோ மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று திறந்துவிட்டார். மார்பு வரை தண்ணீர் வந்துவிட்டது. ஏணி எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. எப்படியோ வெளியே வந்தேன். அந்த ஆள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அன்றிலிருந்து எங்கள் நிலையத்தில், ஒருவர் கை வைத்த வால்வில் இன்னொருவர் கை வைப்பதில்லை. வால்வு ஏன் அந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாதவன் அதைத் தொடக் கூடாது. அது டிரெய்லராக இருந்தால் என்ன, ஆறாக இருந்தால் என்ன. இதற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? அது இந்தப் பிறவியில் நடக்காது.

அப்புறம் நீங்கள் பளபளவென்று வந்து இறங்கினீர்கள். "நேரமாச்சு, அங்க போய் நிரப்பிக்கலாம்" என்றீர்கள். காலித் தொட்டியோடு கிளம்பினோம். டிரெய்லர்கள் தங்குகிற ஏரிக்கரை முகாமில் தண்ணீர்க் குழாய் ஒன்றே ஒன்று, அதற்கு வரிசை. நமக்கு முன்னால் நின்ற தடித்த மனிதர் என்ன செய்தார் என்று நீங்கள் பார்க்கவில்லை, காருக்குள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். கழிவறைத் தொட்டியை வடிக்கிற பைப்பை எடுத்து, குடிநீர்க் குழாயின் வாய்க்குள் செருகிக் கழுவினார். நான் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேனா? "ஐயா, இது குடிக்கிற குழாய்" என்றேன். "அதான் தண்ணி ஓடுதுல்ல, எல்லாம் போயிடும்" என்றார். ஓடுகிற தண்ணீர் எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும் என்றால் என்னை எதற்கு முப்பத்தோரு வருஷம் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள்? அவரிடம் அரை மணி நேரம் விளக்கினேன். பிறகு குழாயின் வாயைக் குளோரின் துணியால் மூன்று தடவை துடைத்தேன். பத்து நிமிடம் வீணே ஓட விட்டேன். சோதனைக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். குடிநீருக்கென்றே வைத்திருக்கிற வெள்ளைக் குழாயை எடுத்து, அதையும் கழுவி, பிறகுதான் மாட்டினேன். பின்னால் பதினோரு வண்டி நின்றது உண்மைதான். பதினோரு வண்டியும் ஹாரன் அடித்ததும் உண்மைதான்.

முகாம் பொறுப்பாளர் அம்மா வந்தார். "பெரியவரே, இது நல்ல தண்ணிதான். நாங்க எல்லாரும் தினமும் இதத்தான் குடிக்கிறோம், உயிரோடதான இருக்கோம்?" என்றார். "அம்மா, நீங்கள் உயிரோடு இருப்பது ஒரு பரிசோதனை ஆகாது" என்றேன். இதில் என்ன தப்பு? விஞ்ஞானம் அதைத்தான் சொல்கிறது. ஆனால் அவர் முகம் சுருங்கிவிட்டது, நமக்குக் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்து இடத்தை ஒதுக்கிவிட்டார். மாப்பிள்ளை என்னைத் தெரியாதவர் மாதிரி காதில் போனை வைத்துக்கொண்டு மரத்தடியில் நடந்தார். அந்த முகாமில் சிக்னலே கிடையாது சம்பந்தி, யாரோடு பேசினார்?

சரி, மீசைக்கு வருவோம். தொட்டிக்குக் குளோரின் போட்ட அன்று எல்லாக் குழாயையும் திறந்தேனா, அப்போது வண்டியின் சுடுதண்ணீர் ஹீட்டருக்குள்ளும் அது போய் நிறைந்துவிட்டது. கழுவும்போது அதை வடிக்க மறந்துவிட்டேன். மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. ஆற்றிலிருந்து ஊருக்குத் தண்ணீர் வருகிற பாதையில் எங்கேயும் ஹீட்டர் கிடையாது. முப்பத்தோரு வருஷத்தில் நான் வெந்நீர் அனுப்பியதே இல்லை. மறுநாள் காலை முதல் ஆளாக நீங்கள் சுடச்சுடக் குளித்துவிட்டு வந்தபோது உங்கள் மீசை செம்பு நிறத்தில் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. பேத்தி கைதட்டியதையும் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று. பத்து லட்சம் பங்கு தண்ணீரில் வெறும் ஐம்பது பங்கு குளோரின். அதில் ஒரு கைக்குட்டைகூட வெளுக்காது. முந்தின நாள் போட்ட சாயம் மறுநாளே ஓடிப்போகிறது என்றால், கேட்க வேண்டியது அந்தக் கடைக்காரரை. என்னை இல்லை. நுரை வைத்துத் தேய்த்துக்கொண்டே அரை மணி நேரம் உள்ளே பாடிக்கொண்டிருக்கச் சொன்னதும் நான் இல்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் பெட்டியை எடுக்கக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டேனே, அங்கே இருபத்துநான்கு தண்ணீர் பாட்டில். கடையில் வாங்கியது. துண்டு போட்டு மூடி வைத்திருந்தீர்கள். அதில் ஒன்பது காலி. நான் அங்கே வரிசையில் நின்று ஊரையெல்லாம் பகைத்துக்கொண்டு உங்களுக்காகத் தண்ணீர் பிடிக்கிறேன், நீங்கள் இங்கே ஒளித்து வைத்துக் குடிக்கிறீர்கள். உங்களிடம் பல் கட்டிக்கொள்கிறவர் உங்களுக்குத் தெரியாமல் வேறு டாக்டரிடம் போய் வாயைத் திறந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்கு அப்படித்தான் இருந்தது. அன்று முழுவதும் உங்களோடு நான் பேசவில்லை, நீங்கள் அதைக் கவனிக்கவும் இல்லை.

என் மனைவி, "விடுங்க, நீரடிச்சு நீர் விலகுமா?" என்கிறாள். அந்தப் பழமொழியைச் சொன்னவர் எங்கள் நிலையத்தில் ஒரு நாள் வேலை பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். தகுந்த அழுத்தத்தில் அடித்தால் எதுவும் விலகும்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வேலையை விட்ட பிறகு, காலையில் எழுந்து வீட்டுக் குழாயைத் திறக்கிறேன், தண்ணீர் வருகிறது. நான் இல்லாமலேயே வருகிறது. நிறமும் சரியாக இருக்கிறது, ருசியும் சரியாக இருக்கிறது. எனக்கு அது மிகவும் கஷ்டமாக இருக்கிறது. அந்த நூறு லிட்டர் தொட்டி வந்த பிறகுதான் என்னை நம்பி ஏழு பேர் வாய் வைக்கிறார்கள் என்று ஒரு தெம்பு வந்தது. பேத்திக்கு இரண்டு தாத்தா, நீங்கள் பல்லுத் தாத்தா, நான் தண்ணித் தாத்தா. நேற்று மகளிடமிருந்து போனைப் பிடுங்கி அந்தக் குட்டி என்ன சொன்னாள் தெரியுமா? "தாத்தா, இனிமே நீங்க நாற்காலித் தாத்தாவா?" என்று கேட்டாள். நான் போனை வைத்துவிட்டேன். ஆறு நாற்காலிக்காக என் பெயரை மாற்ற யாருக்கும் உரிமை கிடையாது.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். தண்ணீர் என்னுடையது என்றால் வருகிறேன், இல்லையென்றால் நீங்கள் எல்லோரும் போய் வாருங்கள், நான் வீட்டில் இருந்துகொள்கிறேன். சாவி என் இடுப்பில் இருக்கிறது, அங்கேயே இருக்கும். டிரெய்லர் நிற்கிற உங்கள் வாசலை இனி மிதிக்க மாட்டேன். நான் திறக்காத வால்வை அன்றும் மூடவில்லை, இனியும் மூட மாட்டேன். உலகமே திரண்டு வந்து துடைப்பத்தோடு நின்றாலும் மூட மாட்டேன்.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம், அன்று அவர் போட்ட டீ நன்றாக இருந்தது. மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எப்போதும் போல என் ஆசி, அதில் கோபத்தைக் கலக்கவில்லை. பேத்திக்கு நூறு முத்தம். தங்களுக்கு, சம்பந்தி என்ற முறைக்கு உரிய மரியாதை மட்டும்.

இப்படிக்கு,
தண்ணித் தாத்தா
(இன்னும் நான்தான்)

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு உங்கள் போன் வந்தது. திரும்பக் கிழித்து இதை எழுதுகிறேன். நீங்கள் பேசியதை அப்படியே குறித்துவைக்கிறேன், நாளைக்கு நான் சொல்லவே இல்லை என்று நீங்கள் மாற்றிப் பேசக் கூடாது. "சம்பந்தி, கோவிச்சுக்காதீங்க. வீட்டுல யாரும் இல்ல, எல்லாரும் குட்டிக்குச் செருப்பு வாங்கப் போயிருக்காங்க. தொட்டியில போன தடவத் தண்ணி கிடக்குதுல்ல, பழசு இருக்கும்போது புதுசு ஊத்தக் கூடாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க? அதான் வண்டிக்கு அடியில படுத்து வால்வத் திறந்தேன். திறந்ததும் இடுப்பு பிடிச்சுக்கிச்சு. அசைய முடியல. தண்ணி நேரா நெஞ்சு மேல கொட்டுது. திறந்தவன்தான் மூடணும், தெரியும். ஆனா கை எட்ட மாட்டேங்குது. நீங்க வந்து மூடினா விதி மீறினதா ஆகுமா?"

"ஆகும்" என்றேன். "அசையாம படுங்க. நான் வந்து மூடறேன்."

நீங்கள் எத்தனை பேருக்குப் போன் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டீர்கள் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் நீங்களே, "முதல்ல உங்களத்தான் கூப்பிட்டேன்" என்றீர்கள். வாசலில் என் மனைவி ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறாள், மனுஷன் நனைந்துகொண்டிருக்கிறான், உங்களுக்கு எழுத்து ஒரு கேடா என்று கத்துகிறாள். சாவியும் வெள்ளைக் குழாயும் எடுத்துக்கொண்டேன். இந்தக் கடிதத்தையும் எடுத்து வருகிறேன், ஆனால் நீங்கள் படிக்க வேண்டாம். ஹீட்டரை எப்படி வடிப்பது என்று இருவருமாகப் பார்த்துக் கற்றுக்கொள்வோம். உங்கள் இடுப்பு இருக்கிற நிலைமையில் பாரம் தூக்க ஆகாது, அதனால் ஏரிக்கரையில் நாற்காலிகளை நானே இறக்கி வைக்கிறேன்.